குட்டைக்குள் இறங்காமல் தாமரை வளர்ப்போம்

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது. அவர் பேசியபடியே, கொஞ்சம் சுருக்கி இங்கே தருகிறோம்.)



மேடையேறிப் பேசி எனக்குப் பழக்கம் இல்லீங்க. போன கூட்டத்தில் எங்க குழுவோட தாமரைக் குட்டை பற்றிப் பேச்சு வந்தப்ப, "அந்தக் கம்பு, வலை எல்லாம் நீங்களே செஞ்சீங்களாமே, அடுத்த மாதம் கொண்டு வந்து காட்டுங்க"ன்னு தலைவி சொல்லிட்டாங்க. அதனால எல்லாத்தையும் ஷேர் ஆட்டோ மேலே கட்டி எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். ஆட்டோ தம்பி, "என்னக்கா, கூட்டத்துக்குப் போறீங்களா, மீன் பிடிக்கப் போறீங்களா?"ன்னு கேட்டுச்சு.

எங்க குழுவில் 12 பேர். எங்க உறுப்பினர் ஒருத்தரோட பட்டா நிலத்தில் 100 நாள் வேலையில் வெட்டின பண்ணைக்குட்டை ஒண்ணு இருந்துச்சு. 40 அடி நீளம், 30 அடி அகலம். ஓரத்தில் இடுப்பளவு, நடுவில் மழைக்காலத்தில் ஓர் ஆள் ஆழம். அதைச் சுற்றிக் கத்தரி, வெண்டை, கீரை போட்டிருந்தோம். தண்ணி சும்மாதானே கிடக்குது, தாமரையும் அல்லியும் விட்டா கோயிலுக்குப் பூ கொடுக்கலாமேன்னு யோசனை வந்துச்சு. நிலத்துக்காரம்மாவுக்கு ஒரு பங்கு, மீதி குழுவுக்குன்னு பேசி முடிச்சோம். ஆடி வெள்ளி, நவராத்திரி, கார்த்திகை வந்தா தாமரைக்கு நல்ல கேட்பு இருக்கும். மற்ற நாளில் சுமார்தான். இலையும் போகும், பொட்டலம் கட்டக் கடைக்காரங்க வாங்குவாங்க. இதில் பெரிய பணம் கொட்டும்னு சொல்ல நான் வரலை. கைச்செலவுக்கு ஆகும், குழு சேமிப்புக்கு ஆகும், அவ்வளவுதான்.

முதல் வருஷம் எங்ககிட்ட எந்தக் கருவியும் கிடையாது. முழங்காலுக்கு மேல சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, கையில் ஒரு அரிவாளோட இறங்கிடுவோம். தாமரைத் தண்டில் சின்னச் சின்ன முள் இருக்குங்க. காலெல்லாம் கீறல். கீறல் ஆறதுக்குள்ள மறுபடி சேற்றில் இறங்குவோம். ரெண்டு பேருக்குச் சேற்றுப்புண் வந்து விரல் இடுக்கு வெந்து போச்சு. தேங்கின தண்ணியில் எலி மூத்திரம் கலந்திருந்தா, காலில் இருக்கிற புண் வழியா எலிக்காய்ச்சல் வரும்னு சுகாதார நிலையத்தில் சொன்னாங்க. கேட்டுக்கிட்டோம். ஆனா இறங்குறதை நிறுத்தலை. பூ வேணுமே.

அப்புறம் ஓர் ஐப்பசி மாதம், நல்ல மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில் நடந்ததைத்தான் முதலில் சொல்லணும்.

அன்னிக்கு மூணு பேர் போனோம். எங்க குழுவில் மூத்தவங்க ஒரு அக்கா, நான், இன்னொரு தங்கச்சி. கரையிலிருந்து ரெண்டு கை தூரத்தில் ஒரு பெரிய மொட்டு. "அக்கா, எட்டாதுக்கா, விட்டுடுங்க"ன்னு நான் சொன்னேன். "இந்தா எட்டிருச்சு"ன்னு ஒரு கால் எடுத்து வெச்சாங்க. கரை களிமண், மழை நனைஞ்சு சோப்பு மாதிரி வழுக்குது. சர்ருன்னு உள்ளே போயிட்டாங்க. கழுத்தளவு தண்ணி. நீந்த வேண்டியதில்லை, நிக்கலாம்னு நீங்க நினைப்பீங்க. நிக்க முடியாதுங்க. கால் சேற்றில் புதையுது. தூக்கினா இன்னொரு கால் புதையுது. சேலை தாமரைத் தண்டில் சுத்திக்கிச்சு. ரெண்டு தடவை முகம் தண்ணிக்குள்ள போயிடுச்சு.

எங்க ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. தங்கச்சி குதிக்கப் போனா. நான் அவ முந்தானையைப் பிடிச்சு இழுத்தேன். அந்த நேரம் ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்த ஒரு பாட்டியோட தொரட்டி வரப்பில் கிடந்துச்சு. ஓடிப்போய் எடுத்தோம். அரிவாள் இருக்கிற பக்கத்தை நாங்க பிடிச்சுக்கிட்டு, அடிக்கம்பை அக்காகிட்ட நீட்டினோம். அக்கா பிடிச்சிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் கரையில் உட்கார்ந்து, குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தோம். மேலே வந்தப்ப அவங்க கையில் அந்த மொட்டு இருந்துச்சு. விடவே இல்லை.

அதுக்கப்புறம் அக்கா ரெண்டு மாதம் குட்டைப் பக்கம் வரலை. அவங்க வீட்டில் "குழுவே வேண்டாம்"னு சொல்லிட்டாங்க. எங்க வீட்டிலும் பேச்சுத்தான். குட்டையை விட்டுடலாமான்னு கூட்டத்தில் பேசினோம். அப்ப அந்த அக்காவே ஆள் அனுப்பி வரச்சொல்லி, திண்ணையில் உட்கார்ந்துக்கிட்டுச் சொன்னாங்க. "தழைக்குப் போற பாட்டி மரத்தில் ஏறுதா? கீழே நின்னுதானே ஒடிக்குது? நாம மட்டும் எதுக்குத் தண்ணிக்குள்ள இறங்கணும்?"னு.

சரிதானேன்னு தோணுச்சு. அங்கேதான் இந்தக் கருவிகள் ஆரம்பிச்சுது.

பூத் தொரட்டி

முதலில் செஞ்சது இது. ஆட்டுக்காரங்க தொரட்டி மரத்துக்குச் சரி, தாமரைக்குக் கனம். ஆளுக்கு ஆள் வாங்கிப் பிடிச்சுப் பார்த்தோம். 12 அடிக் கம்பை நீட்டிப் பிடிச்சா அஞ்சு நிமிஷத்தில் தோள் கழண்டு போகுது. 9 அடிதான் எங்களுக்குச் சரிப்பட்டுச்சு. நல்ல உயரமா இருக்கிறவங்களுக்கு 10 அடி. கம்பு உங்க கைக்கு ஏத்த மாதிரி இருக்கணும். ஆம்பளைங்க கைக்குச் செஞ்சதை வாங்கிட்டு வந்து, நமக்குத்தான் பலம் இல்லைன்னு நினைச்சுக்கக் கூடாது.

மூங்கிலில் கல் மூங்கில் நல்லது. உள்ளே கெட்டியா இருக்கும், ஒடியாது. கட்டை விரலைவிடக் கொஞ்சம் பருமன் போதும். பச்சையா வாங்கினா அப்படியே செஞ்சிடாதீங்க. மூணு வாரம் தண்ணியில் ஊறப்போட்டு, பிறகு நிழலில் காய வைங்க. வண்டு துளைக்கிறது குறையும். காய்ஞ்சதும் வேப்பெண்ணெய் தடவி வைங்க. நாங்க முதல் கம்பை அவசரப்பட்டுப் பச்சையிலேயே செஞ்சோம். நாலே மாதத்தில் மாவு மாவா கொட்டிருச்சு.

இரும்புக் குழாய் வேண்டாம். கனம் ஒரு காரணம். இன்னொரு காரணம் பெரிசு. தோட்டத்துக்கு மேலே மோட்டார் லைன் போகும். நீளமான இரும்புக் கம்பையோ அலுமினியக் கம்பையோ தூக்கினா, கம்பியில் பட்டால் அதோட முடிஞ்சுது. மூங்கிலும் ஈரமா இருந்தா ஆபத்துதான். லைனுக்குக் கீழே எந்தக் கம்பையும் நிமிர்த்தாதீங்க.

கத்திக்கு எங்க போறது? நம்ம எல்லார் வீட்டுச் செருகுக் கூரையிலும் ஒரு பழைய கருக்கரிவாள் கிடக்கும். அறுப்பு மிஷின் வந்த பிறகு அதுக்கு வேலை இல்லாமப் போச்சு. அதுதான் தாமரைத் தண்டுக்குச் சரியான கத்தி. வழுவழு அரிவாள்னா தண்டு வழுக்கிக்கிட்டுப் போகும். கருக்கு இருந்தா பல் பிடிச்சு, லேசா இழுத்தாலே அறுபடும். பட்டறையில் கொடுத்து, கைப்பிடியை எடுத்துட்டு, வாலை மூணு அங்குலம் நீட்டித் தட்டி, வளைவைக் கொஞ்சம் குறைச்சு வாங்கினோம். மூங்கிலோட நுனியில் வாலைச் செருகி, ஒரு பூண் போட்டு, அதுக்கு மேலே சைக்கிள் டியூப்பைப் பட்டையா வெட்டி இறுக்கிச் சுத்தி, அதுக்கும் மேலே கட்டுக்கம்பி. டியூப் இல்லாமக் கம்பி மட்டும் கட்டினா ரெண்டு நாளில் ஆடும்.

அறுக்கிற முறையையும் சொல்லிடறேன். தாமரைத் தண்டை ஒடிச்சுப் பார்த்திருப்பீங்க. உள்ளே வரிசையா ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை வழியாத்தான் சேற்றுக்குள்ள இருக்கிற கிழங்குக்குக் காற்று போகுது. தண்ணி மட்டத்துக்குக் கீழே அறுத்தா அதே ஓட்டையில் தண்ணி இறங்கிக் கிழங்கு அழுகக் கூடும். அதனால தண்ணிக்கு மேலே ஒரு சாண் விட்டு அறுங்க. முன்னே நாங்க உள்ளே இறங்கிப் பறிச்சப்ப, நீளத் தண்டு கிடைக்கட்டும்னு அடியோட அறுப்போம். பூ ஏன் குறையுதுன்னு அப்ப தெரியலை. இலையையும் அளவோடதான் அறுக்கணும். பச்சை இலைதான் கிழங்குக்குச் சாப்பாடு போடுது. பழுத்தது, காய்ஞ்சது எல்லாம் அப்பப்ப எடுத்துடுங்க. தண்ணிக்குள்ள விழுந்து அழுகினா நாறும்.

விடியற்காலையில் மொட்டா இருக்கும்போதே பறிக்கிறது நல்லது. தாமரை காலையில் விரிஞ்சு, வெயில் ஏறின பிறகு மறுபடி கூம்பும். மூணு நாலு நாள் இப்படி விரிஞ்சு கூம்பி, அப்புறம் இதழ் கொட்டிடும். விரிஞ்ச பூ சந்தைக்குப் போறதுக்குள்ள சாய்ஞ்சிடும்.

அறுத்த பூ தண்ணியில் விழுமேன்னு, கத்திக்குக் கீழேயே ஒரு வலைப்பை கட்டிப் பார்த்தோம். மாங்காய் பறிக்கிற மாதிரி. அது சரிப்படலை. பை தண்டில் மாட்டுது, மொட்டு நசுங்குது. அவிழ்த்து எறிஞ்சிட்டோம். பூ எங்கே போயிடப் போகுது, மிதக்கத்தான் செய்யும். ஒருத்தர் அறுக்க, இன்னொருத்தர் வலையால் அள்ளுறோம். எப்படியும் ரெண்டு பேராத்தான் போகணும். அதுக்கான காரணம் உங்களுக்கே தெரியும்.

வளைய வலை

இது சுலபம். சின்னப் பிள்ளைங்க ஓட்டுற சைக்கிளோட பழைய ரிம் ஒண்ணு, பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். கம்பியெல்லாம் கழட்டிடுங்க. பெரிய சைக்கிள் ரிம் வேண்டாம், கை தாங்காது. ரிம்மில் கம்பி மாட்டியிருந்த ஓட்டை சுத்தி இருக்கும். அதிலேயே நைலான் நூலைக் கோத்து வலையைத் தைக்கலாம். மூங்கில் நுனியை அரை அடி பிளந்து, ரிம்மை அதில் செருகிக் கட்டுக்கம்பியால் இறுக்கிடணும்.

வலைதான் கவனிக்க வேண்டியது. நாங்க பழைய கொசுவலையை நாலாக மடிச்சுத் தைச்சோம். பூ அள்ள நல்லா இருந்துச்சு. பாசி அள்ளினப்ப தண்ணி வடியவே இல்லை. ஒரு குடம் தண்ணியைக் கம்பு நுனியில் தூக்கின மாதிரி. ஒரு தங்கச்சியைக் குட்டைப் பக்கம் இழுத்துடுச்சு. அதனால இப்ப ரெண்டு வலை. பூவுக்குக் கொசுவலை, ஒற்றை மடிப்பு. பாசிக்கு வெங்காய மூட்டை வலை. சடசடன்னு வடிஞ்சிடும். வலை நிறைஞ்சா தூக்காதீங்க, தண்ணியிலேயே கரைவரை இழுத்துட்டு வந்து, பிறகு தூக்குங்க.

பாசி வாரி

வேலம்பாசி இருக்கே, அதுதான் குட்டைக்குப் பெரிய எதிரி. அடியில் வேர் விட்டு மேலே வரைக்கும் மெத்தை மாதிரி நெருக்கும். புதுசாப் போட்ட தாமரையை மேலே வரவே விடாது. அதுக்குக் கைப்பிடி வெச்ச கருவி எட்டாது. ஒன்றரை அடி மரச்சட்டம் ஒண்ணு எடுத்து, நாலு அங்குல ஆணியை ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டிருக்கிற மாதிரி ஒன்று விட்டு ஒன்று அடிச்சோம். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு வரிசை ஆணி கீழே இருக்கும். சட்டம் மிதக்குமே, அதுக்காக நடுவில் ஒரு துண்டு இரும்பு கட்டினோம். அதில் 25 அடிக் கயிறு. கரையில் நின்னு வீசணும், அடியில் உட்காரும் வரை பொறுக்கணும், மெதுவா இழுக்கணும். வீசும்போது பின்னாடி யாரும் நிக்கக் கூடாது. கயிற்றைக் கையில் சுத்திக்கக் கூடாது. வாரி எங்கேயாவது மாட்டினா ஆளை இழுத்துடும்.

தாமரை இருக்கிற மூலையில் இதை வீசாதீங்க. கிழங்கோட குருத்து முனை உடைஞ்சா அந்தக் கிழங்கு அதோட நின்னு போகும். தண்ணிக்கு மேலே தெரியாததால சாதாரணமா வீசி, ரெண்டு கொடியை நாங்களே கெடுத்திருக்கோம்.

வேலம்பாசியில் இன்னொரு தொல்லை. அறுந்த துண்டு ஒவ்வொண்ணும் மறுபடி முளைக்கும். வாரின உடனே வலையால் மிதக்கிற துண்டையும் அள்ளிடணும். இல்லாட்டா நாமே பயிர் பண்ணின கணக்கு. அள்ளினதைக் கரையோரத்திலேயே ஒரு ராத்திரி விடுங்க. அதில் ஒட்டிக்கிட்டிருக்கிற நத்தை, தவளைக்குஞ்சு, சின்ன மீனெல்லாம் முடிஞ்ச மட்டும் தண்ணிக்கே திரும்பிடும். பிறகு குப்பைக்குழியில் போட்டு மக்க வைக்கலாம். எங்க கத்தரிக்கு இப்ப அந்த உரம்தான்.

பாட்டில் கயிறு

வெங்காயத்தாமரையைப் பற்றிச் சொல்லாம இருக்க முடியாது. ஊதாப் பூ அழகா இருக்குன்னு எங்க குழுவிலேயே ஒருத்தங்க ஆத்தங்கால்வாயிலிருந்து ஒரே ஒரு செடி கொண்டு வந்து போட்டாங்க. யாருன்னு கேட்காதீங்க, இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. இது நம்ம நாட்டுச் செடி இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்து, நூறு வருஷத்துக்கும் மேலே நம்ம ஏரி, கால்வாயையெல்லாம் மூடிக்கிட்டிருக்கு. சரியான வெயிலும் சத்தும் இருந்தா ரெண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். ஒரு செடி எங்க குட்டையில் பாதியை மூடிருச்சு.

வலையால் ஒவ்வொண்ணா அள்ளி மாளலை. அப்ப கயிறு யோசனை வந்துச்சு. தேங்காய் நார்க் கயிறு 45 அடி எடுத்து, காலி தண்ணி பாட்டிலை மூடியோட ரெண்டடிக்கு ஒண்ணா கட்டினோம். அந்தப் பக்கக் கரையில் ஒருத்தர், இந்தப் பக்கக் கரையில் ஒருத்தர் நின்னு, கயிற்றை மிதக்க விட்டு, ஒரு மூலையை நோக்கி நடந்தா போதும். செடியெல்லாம் மந்தை மாதிரி ஒதுங்குது. தாமரை நிக்கிற இடத்துக்கு வந்தா கயிற்றைத் தூக்கித் தாண்டிடணும். மூலையில் நின்னு மூணாவது ஆள் தொரட்டியால் இழுத்துப் போட்டுடுவாங்க. பூ வர்றதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. விதை சேற்றில் விழுந்தா பல வருஷம் கிடந்து முளைக்கும். எங்களுக்கு இன்னமும் அங்கங்கே ஒண்ணு தலை காட்டுது.

உரக் குழாயும் ஊன்று கம்பும்

தாமரைக்கு எரு வைக்கணும்னா முன்னே கூடையோட இறங்குவோம். சில பேர் கரையிலிருந்தே பச்சைச் சாணத்தைக் கரைச்சு ஊத்திடுவாங்க. அது தப்புங்க. தண்ணி பச்சைப் பசேல்னு மாறி, மீன் மூச்சு முட்டிச் சாகும். மக்கின தொழு உரம், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு, களிமண் மூணையும் பிசைஞ்சு, எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடிச்சு நிழலில் ஒரு நாள் காய வைங்க. வீடு கட்டுற இடத்தில் மிஞ்சின ரெண்டு அங்குல பி.வி.சி. குழாய் ஒண்ணு ஆறடிக்கு வாங்கிக்குங்க. குழாயின் ஒரு முனையைச் செடியோட அடியில் சேற்றில் லேசா ஊன்றி, மேல் முனையில் உருண்டையைப் போட்டு, உள்ளே ஒரு குச்சியால் அமுக்கினா நேரா வேர்கிட்டப் போயிடும். தண்ணியில் கரையாது. கரையோரச் செடிக்குத்தான் இது எட்டும். நடுவில் இருக்கிறதுக்கு எட்டாது.

அதனாலதான் இப்ப நாங்க தாமரையை நேரா குட்டைச் சேற்றில் நடுறதில்லை. ஓட்டையான பிளாஸ்டிக் அண்டா, பழைய தொட்டி எதுவானாலும், முக்கால் பாகம் களிமண் நிரப்பி, கிழங்கைப் படுக்க வைச்சு, குருத்து முனை மட்டும் மண்ணுக்கு மேலே தெரியற மாதிரி நட்டு, முதல் படியில் இறக்கி வெச்சிருக்கோம். முதலில் ஒரு சாண் தண்ணி போதும். இலை எழும்ப எழும்ப அடுத்த படிக்குத் தள்ளுவோம். அண்டாக் காதில் கயிறு கட்டி, கயிற்றோட நுனியைக் கரை முளையில் கட்டிட்டா, எப்ப வேணும்னாலும் இழுக்கலாம். தண்ணிக்குள்ள இருக்கிற வரை லேசா வரும். கரையேறும்போதுதான் கனம் தெரியும். அங்கே ஒரு பலகையைச் சாய்ச்சு வெச்சு மூணு பேரா இழுங்க, ஒருத்தரே இழுத்து இடுப்பைப் பிடிச்சுக்காதீங்க. தாமரை ஊரெல்லாம் ஓடிக் குட்டையை அடைக்காம இருக்கவும் இது உதவுது.

ஊன்று கம்புன்னு சொன்னேனே, அது வெறும் மூங்கில்தான். அடிக்கு ஒரு சிவப்புக் கோடு பெயிண்டில் போட்டிருக்கோம். குட்டைக்குப் போனதும் முதல் வேலை, கரையோரம் ஊன்றிப் பார்க்கிறது. மழைக்குப் பிறகு தண்ணி எவ்வளவு, சேறு எவ்வளவு உள்ளே போகுதுன்னு அப்பத் தெரியும்.

உயிர்க் கயிறு

இதுதான் எல்லாத்திலும் முக்கியம். ஆனா இதை வெச்சு நாங்க இன்னும் ஒரு பூகூடப் பறிக்கலை.

அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன் ஒண்ணு. கால் பாகம் தண்ணி ஊத்தி மூடியை இறுக்கணும். காலியா இருந்தா காற்றில் பறந்து எங்கேயோ விழும், நிறைய ஊத்தினா மிதக்காது. கைப்பிடியில் 40 அடி நைலான் கயிறு. இன்னொரு நுனியில் கை நுழையற அளவுக்கு ஒரு கண்ணி. இது குட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற வேப்ப மரத்து முளையில் எப்பவும் தொங்கும். வேற எந்த வேலைக்கும் எடுக்கக் கூடாது. மாடு கட்டக்கூட எடுக்கக் கூடாது.

யாராவது விழுந்தா கேனை அவங்க மேலே எறியக் கூடாது. தலையைத் தாண்டி, அவங்களுக்குப் பின்னாடி விழற மாதிரி எறிஞ்சு, கயிறு அவங்க தோள் பக்கமா வரும்படி இழுக்கணும். பிடிச்சதும், நாம தரையில் உட்கார்ந்து இழுக்கணும். நின்னுக்கிட்டு இழுத்தா நாமும் போயிடுவோம். நீச்சல் தெரியாதவங்க குதிக்கவே கூடாது. எங்க தங்கச்சி அன்னிக்குக் குதிச்சிருந்தா, ரெண்டு பேரை யார் இழுக்கிறது?

2020 ஆகஸ்ட் மாதம் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நடந்தது பேப்பரில் வந்துச்சு. குளிக்க வந்த பையன்கள் நாலு பேர் மூழ்கினப்ப, அங்கே இருந்த மூணு பெண்கள் தங்க சேலையை அவிழ்த்து வீசி ரெண்டு பேரைக் காப்பாத்தினாங்க. மற்ற ரெண்டு பேரைக் காப்பாத்த முடியலை. அந்த மூணு பேருக்கும் அரசாங்கம் அந்த வருஷமே கல்பனா சாவ்லா விருது கொடுத்துச்சு. நம்மை மாதிரிக் கிராமத்துப் பெண்கள்தான். அவங்க கைக்குக் கிடைச்சது சேலை. அந்தச் சேதியைக் குழுவில் படிச்சப்ப எங்க மூத்த அக்கா ஒண்ணு சொன்னாங்க. "அங்கே ஒரு கயிறு தொங்கியிருந்தா நல்லா இருந்திருக்கும்." அதுக்கு மேலே பேசலை.

மாதக் கூட்டம் முடிஞ்சதும் ஆளுக்கு மூணு தடவை கேன் எறிஞ்சு பழகுறோம். நடுவில் ஒரு பழைய மண்சட்டியை மிதக்க விட்டு, அதைத் தாண்டி எறியணும். முதலில் சிரிப்பாத்தான் இருந்துச்சு. என் கேன் பின்னாடி முள்வேலியில் போய் விழுந்துச்சு. வேலின்னதும் ஞாபகம் வருது, குட்டையைச் சுத்தி முள்வேலி போட்டு ஒரு படல் வெச்சிருக்கோம். சின்னப் பிள்ளைங்க இருக்கிற ஊர். தாமரைப் பூ பிள்ளைங்களை இழுக்கும்.

சரிப்படாததும் கணக்கும்

சரிப்படாத ஒண்ணையும் சொல்லிடறேன், நீங்க காசைப் போட வேண்டாம். லாரி டியூப் மேலே பலகை கட்டி மிதவை செஞ்சோம். அதில் உட்கார்ந்து நடுவில் போய்ப் பறிக்கலாம்னு. ஒரு பக்கம் சாய்ஞ்சா மறுபக்கம் தூக்குது. வேலிக்குப் போட்ட கருவேல முள் ஒண்ணு தண்ணியில் கிடந்து குத்தி, நடுக்குட்டையில் காற்று இறங்கிடுச்சு. நல்லவேளை, அப்ப அதில் ஆள் இல்லை, உரச்சாக்கைத்தான் வெச்சிருந்தோம். நடுவில் இருக்கிற பூ எட்டலைன்னா எட்டலை. அங்கேயே விரிஞ்சு இருக்கட்டும்.

செலவு மொத்தம் 840 ரூபாய் ஆச்சு. பட்டறைக் கூலி 200, மூங்கில் மூணு 240, கயிறு 260, ஆணி, கம்பி, நூல், பெயிண்ட் எல்லாம் சேர்த்து 140. ரிம்மும் குழாய்த் துண்டும் சும்மா கிடைச்சுது. இதில் கயிறு விஷயத்தில்தான் குழுவில் சண்டை வந்துச்சு. "பழைய கிணற்றுக் கயிறு கிடக்குதே, அது போதும்"னு ரெண்டு பேர். "பூ பறிக்காத சாமானுக்கு 260 ரூபாயா?"ன்னு இன்னொருத்தர். பழைய கயிற்றை ரெண்டு பேர் பிடிச்சு இழுத்துக் காட்டினோம். அறுந்து ரெண்டு பேரும் உட்கார்ந்துட்டாங்க. அதோட பேச்சு முடிஞ்சுது. பொதுச் செலவில் வாங்குறதுன்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கத்தியும் கயிறும் மட்டும் நல்லதா இருக்கணும், மற்றதெல்லாம் பழசு போதும்னு நான் சொல்லுவேன்.

கருவியெல்லாம் நிலத்துக்காரம்மா வீட்டு எறவாணத்தில் இருக்கு. எடுக்கிறவங்க பேரை நோட்டில் எழுதணும். போன தை மாதம் ஒருத்தங்க பூத் தொரட்டியை முருங்கைக்காய் பறிக்க எடுத்துட்டுப் போய், மூங்கில் விரிஞ்சு போச்சு. முருங்கைக்குக் கொடுக்கக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு தீர்மானம் போட்டிருக்கோம்.

மூத்த அக்கா இப்ப வர்றாங்க. அவங்க வீட்டுக்காரரே உயிர்க் கயிற்றை வந்து இழுத்துப் பார்த்துட்டு, "சரி, போயிட்டு வா"ன்னுட்டார். அவங்கதான் இப்ப எங்ககிட்ட நல்லா அறுக்கிறவங்க. கரையில் ஒரு கல் போட்டு அதில் நின்னுக்குவாங்க, அந்தக் கல்லைத் தாண்டி ஓர் அடி வைக்க மாட்டாங்க.

சாமானெல்லாம் வெளியே புங்க மரத்தடியில் சாய்ச்சு வெச்சிருக்கேன். சாப்பாட்டு இடைவேளையில் வந்து ஒவ்வொண்ணா பிடிச்சுப் பாருங்க, உங்க கைக்கு எத்தனை அடி ஒத்து வருதுன்னு தெரியும். கேனும் இருக்கு, வாசலில் எறிஞ்சு பார்க்கலாம். தொரட்டியோட கத்திப் பக்கம் சாக்கு சுத்தியிருக்கு, அதை மட்டும் பிரிக்காதீங்க.